பதினேழாவது பதிவு

ஒரே சிம்பொனியின் பதினேழு பதிவுகளை ஒப்பிட்டுப் பேசுவதில் குலசேகரனுக்கு அப்படியொரு பெருமை. வீட்டுக்கு வருகிறவர்கள் தப்பிக்கவே முடியாது. புது ஒலிப்பெட்டி வந்தபிறகு பேச்சு இன்னும் நீண்டது. அவர் கேட்கும்போது கவனம் எங்கே சிதறுகிறதோ, அடுத்த முறை அந்த இடத்தை அந்தப் பெட்டி தானாகவே வெட்டிவிடும்.

அன்று வந்திருந்த நண்பர்களுக்குச் சென்னைக் குழுவின் பதிவைப் போட்டார். அதன் இரண்டாம் பாகத்தில் தனியாகப் புல்லாங்குழல் வாசித்தவள் அவர் மனைவி எஸ்தர். காபித் தட்டோடு அவள் நின்று கேட்டாள். அவள் வாசித்த இடம் வரவே இல்லை. வயலின்கள் நேராக அடுத்த பகுதிக்குத் தாவிவிட்டன.

"பதினேழுல இதுதான் பெஸ்ட். முன்னெல்லாம் நடுவுல கொஞ்சம் தொய்வா இருக்கும். இப்ப கச்சிதமா இருக்கு" என்றார் குலசேகரன்.

"எது இல்லைன்னு தெரியலையா உங்களுக்கு?"

"எல்லாம் இருக்கே. நாப்பது வருஷமா கேக்கறேன், எனக்குத் தெரியாதா?"

"ஒரு நாள்கூட நீங்க கேக்கல" என்றாள் எஸ்தர். நண்பர்கள் தலையைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

அவள் உள்ளே போய், கதவைச் சாத்தாமல், விடுபட்ட இடத்தை வாசிக்கத் தொடங்கினாள். குலசேகரன் எழுந்துபோய்ப் பெட்டியின் சத்தத்தைக் கூட்டி வைத்தார்.