முப்பத்தாறு படங்கள்

"சார், குறை சொல்றேன்னு நெனைக்காதீங்க. இந்த சினேகாவை வச்சுக்கிட்டு வேலை ஓடாது."

முருகவேல் இப்படி ஆரம்பித்ததும் முதலாளி விமல்ராஜ் நிமிர்ந்து பார்த்தார்.

திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு மாடியில் இருந்த சின்ன அலுவலகம் அது. மழையில் எந்தெந்த வயல் மூழ்கியது என்று செயற்கைக்கோள் படங்களிலிருந்து பட்டியல் எடுத்து அரசாங்கத்துக்குக் கொடுப்பார்கள். அதில் பேர் இருந்தால்தான் விவசாயிக்கு நிவாரணம்.

"மொத்தம் நானூத்திப் பன்னெண்டு படம் சார். நான் எழுதின பைத்தான் ஸ்கிரிப்ட்டைக் கம்ப்யூட்டர்ல தட்டிவிட்டுட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு. இவங்க ரெண்டு நாளா ஒவ்வொண்ணாத் தெறந்து பாக்கறாங்க. எத்தினி முடிச்சாங்க தெரியுமா? முப்பத்தாறு!"

"என்னம்மா இது?" என்றார் விமல்ராஜ்.

சினேகா முருகவேலை ஒரு தரம் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

"கண்ணால ஒருவாட்டி பாத்தாதான் எனக்குத் திருப்தி சார்."

"திருப்தியாப் பாக்கறதுக்கு இது என்ன கோயில் தரிசனமா?" என்றான் முருகவேல். ஆபீஸே சிரித்தது.

பட்டியல் போனது. ஒரு புகார்கூட வரவில்லை. "உன் ஸ்கிரிப்ட் கில்லாடிப்பா" என்று விமல்ராஜ் முதுகில் தட்டிக்கொடுத்தார். அந்த மாதக் கடைசியில் சினேகாவை நிறுத்திவிட்டார்கள்.

கிளம்பும்போது அவள் முருகவேலின் மேஜையருகே வந்து நின்றாள்.

"அண்ணா, அந்த ஸ்கிரிப்ட்ல ஒரு விஷயம்..."

"எதுவா இருந்தாலும் மெயில் போட்டுடும்மா. பாத்துக்கறேன்."

டிசம்பரில் மறுபடியும் பேய்மழை. இந்தத் தடவை ஐந்நூறு படம். ஸ்கிரிப்ட் ஓடியது. பட்டியல் அன்றைக்கே போய்விட்டது.

பத்து நாள் கழித்து, அடி அண்ணாமலை கிராமத்திலிருந்து சடையன் என்ற விவசாயி மூச்சு வாங்க மாடியேறி வந்தார்.

"தம்பி, மலைத்தண்ணி எறங்கி என் நெல்லு மொத்தமா மூழ்கிடுச்சு. காய்ஞ்ச நெலம்னு எழுதியிருக்கீங்களாமே? எங்க பக்கத்துல பதினோரு பேருக்கு இப்படித்தான் வந்திருக்குது."

"கம்ப்யூட்டர் தப்பு பண்ணாதுங்க" என்று சொல்லிக்கொண்டே முருகவேல் படத்தைத் திறந்தான். அந்தப் படத்தை அவன் கண்ணால் பார்த்தது அப்போதுதான்.

வயல் முழுக்கச் செம்மண் கலந்த வெள்ளம். தண்ணீர் என்றால் கறுப்பாகத் தெரியும் என்று அவன் ஸ்கிரிப்ட்டில் எழுதி வைத்திருந்தான். சிவப்பாக இருந்ததையெல்லாம் அது காய்ந்த மண் என்று எடுத்துக்கொண்டுவிட்டது.

"திருத்தி எழுதிடலாமா தம்பி?"

"நேத்தோட தேதி முடிஞ்சுபோச்சுங்க ஐயா."

சடையன் படியிறங்கிப் போனார்.

போன தடவையும் மலைத்தண்ணிதானே இறங்கியது? அப்போது மட்டும் எப்படிச் சரியாக வந்தது?

முருகவேல் பழைய மெயில்களைத் தேடினான். சினேகா அனுப்பியது திறக்கப்படாமலே கிடந்தது.

"அண்ணா, செம்மண் தண்ணியை உங்க ஸ்கிரிப்ட் காய்ஞ்ச நிலம்னு எடுத்துக்குது. இந்தத் தடவை அப்படி முப்பத்தாறு படம். கையால திருத்தி உங்க ஃபோல்டர்லயே வச்சுட்டேன். அடுத்த மழைக்குள்ள மாத்திடுங்க. சார்கிட்ட நான் சொல்லலை. உங்க பேர் கெட்டுடக் கூடாது."