நீலக் கோடுகள்

கால்நடைக் கண்காட்சியில் முதல் பரிசு தன் ரோசிக்குத்தான் என்று ஒலிபெருக்கியில் கேட்டதும் ஜெனிஷா துள்ளிக் குதித்தாள். பிளஸ் ஒன் படிக்கும் அவள் புட்டிப்பால் புகட்டி வளர்த்த வெள்ளைப் பன்றி அது. நடுவராக வந்திருந்த கால்நடை மருத்துவர் நீல மார்க்கரோடு கிட்டே வந்தார். பரிசு எண்ணை எழுதப்போகிறார் என்று நினைத்தாள். அவரோ ரோசியின் தோளுக்குக் குறுக்கே நீளமாக ஒரு கோடு இழுத்துவிட்டுக் கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

"இது தோள்கறி. இதுக்குப் பின்னால முதுகுக்கறி. கொழுப்பு கம்மி, சதை எவ்வளவு இறுக்கம்னு பாருங்க."

மார்க்கர் வயிற்றில் ஊர்ந்தது ரோசிக்குச் சுகமாக இருந்தது போலும். மெல்ல உறுமிக்கொண்டே, இன்னும் கொஞ்சம் தடவச் சொல்வதுபோல மண்ணில் சாய்ந்து படுத்தது. கூட்டம் சிரித்தது.

"சார், அது... அவ என் ரோசி சார்."

"நல்லா வளத்திருக்கே மக்ளே. தொடை மட்டுந்தான் பாக்கி. அசையாம பிடிச்சுக்க."

மாட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். குனிந்து பார்த்தபோது, அவளுடைய இரண்டு கைகளும் ரோசியின் பின்னங்காலை இறுகப் பிடித்திருந்தன.