மேசை நிறையப் பெண்கள்

"இந்தப் பொண்ணு வேண்டாம். பார்வையிலேயே திமிர் தெரியுது" என்று ஒரு படத்தை எடுத்து ஓரமாகத் தள்ளினாள் அம்மா.

நாவலாசிரியையான மகளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சாப்பாட்டு மேசை முழுக்கப் புதுமுக நடிகைகளின் படங்களைப் பரப்பி வைத்திருந்தாள். அவளுடைய முதல் நாவல் சினிமாவாகிறது, திரைக்கதையும் அவளே. கதையில் வரும் இரண்டு காதலிகளில் ஒருத்திக்கு ஆள் கிடைத்தாயிற்று. இன்னொருத்தி யார் என்று இன்றைக்குள் சொல்லச் சொல்லி இயக்குநர் காலையிலிருந்து உயிரை எடுத்துக்கொண்டிருந்தார்.

தனக்குப் பெண்களைத்தான் பிடிக்கும் என்று மகள் வாய்விட்டுச் சொன்ன நாளிலிருந்து, வீட்டில் அந்தப் பேச்சும் கிடையாது, அவள் எழுத்தைப் பற்றிய பேச்சும் கிடையாது. மூன்று நாவல்களில் ஒன்றைக்கூட அம்மா புரட்டிப் பார்த்ததில்லை. பெண்ணைக் காதலித்த பெண்களின் கதைகளைத் தேடிப்பிடித்து மகள் ஒரு தொகுப்பு கொண்டுவந்தபோது, அதன்மேல் சூடான பாத்திரத்தை இறக்கி வைத்தாள் அம்மா.

பரிசு வந்தது, பாராட்டு வந்தது. அம்மாவிடமிருந்து ஒரு வார்த்தை வரவில்லையே என்பதுதான் மகளை உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது.

அப்பேர்ப்பட்ட அம்மா இன்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். சினிமா ஆசை யாரைத்தான் விட்டது என்று மகள் நினைத்துக்கொண்டாள். ஏதாவது பேசப்போய் அம்மா எழுந்து போய்விட்டால் என்ன செய்வது என்று வாயைத் திறக்கவே பயமாக இருந்தது.

அம்மாவோ ஒருத்தியையும் விட்டுவைக்கவில்லை. ஒருத்தி ரொம்ப ஒல்லி, காற்றடித்தால் பறந்துவிடுவாள். ஒருத்தி நகத்தைப் பார்த்தாலே தெரிகிறது, ஒரு தட்டுகூடக் கழுவமாட்டாள். இன்னொருத்திக்குக் கூடப்பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டு, மகள் உதட்டைப் பிதுக்கியதும் தலையில் அடித்துக்கொண்டாள். ஒரு பாத்திரத்துக்கு இவ்வளவு ஆராய்ச்சி எந்த இயக்குநரும் செய்ததில்லை என்று மகளுக்குச் சிரிப்பு வந்தது.

கடைசியில், ஒன்றும் தேறாது என்று எழுந்த அம்மா, அறைக்குள் போய்த் தன் கைப்பையிலிருந்து ஒரு படத்தைக் கொண்டுவந்தாள். மூக்குக்கண்ணாடி, கொஞ்சம் பூசினாற்போல உடம்பு, கள்ளமில்லாத சிரிப்பு. கதையில் எழுதியவளே நேரில் வந்தது மாதிரி இருந்தது மகளுக்கு. இயக்குநரைக் கூப்பிட அவசரமாக ஃபோனை எடுத்தாள்.

"நல்லாத்தான் இருக்காங்க. இதுக்கு முன்னாடி எதுலயாவது நடிச்சிருக்காங்களாம்மா?"

அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நடிப்பா? அவ பல் டாக்டர்டி. ஞாயித்துக்கிழமை உன்னைப் பொண்ணு பாக்க வர்றா."