சாலைக்கு இரு பக்கமும்

வெர்னன் க்ராட்ஸ் இரண்டு அமெரிக்க மாநிலங்களில் உரிமம் பெற்ற வக்கீல். ஸ்டேட் லைன் சாலைக்கு மேற்கே கன்சாஸ், அங்கே வீடு. கிழக்கே மிசௌரி, அங்கே ஆபீஸ். சாலையைக் கடந்தால் சட்டம் மாறும், வெர்னன் மாற மாட்டார்.

தள்ளுபடியாகிப்போன ஒரு வழக்கைப் பற்றிக் கட்சிக்காரரிடம், "பிரமாதமா போயிட்டிருக்கு" என்று வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தார். விஷயம் தெரிந்து கட்சிக்காரர் புகார் கொடுத்தார். கன்சாஸ் விசாரணைக்கு அழைத்தது. வெர்னன் ஏரிக்கு மீன் பிடிக்கப் போய்விட்டார். போனால்தானே கேள்வி கேட்பார்கள்! அவர் இல்லாமலே விசாரித்து உரிமத்தைப் பறித்துவிட்டார்கள்.

கன்சாஸ் போனால் போகட்டும் என்று விட முடியாது. ஒரு மாநிலம் தண்டித்தால் மற்றதும் அதே தண்டனையைத் தூக்கிக் கொடுத்துவிடும். மிசௌரியும் கைவிட்டால் வெர்னன் நடுத்தெருவில்தான். இந்த வயதில் வேறு தொழிலும் தெரியாது. தப்பிக்க ஒரே ஒரு சந்து இருந்தது. விசாரணை அறிவிப்பு தன் கைக்கு வரவே இல்லை என்று காட்டிவிட்டால், கன்சாஸ் கொடுத்த தண்டனையை மிசௌரி ஏற்காது.

அறிவிப்பைத் தபால்காரரிடம் கையெழுத்துப் போட்டு வாங்கியவள் அவர் மனைவி கோரின். சங்கடமே அங்கேதான். இருவருக்கும் விவாகரத்து வழக்கு நடந்துகொண்டிருந்தது. அவள் மாடியில், இவர் நிலவறையில். கல்யாணத்துக்கு முன்பே வெர்னன் தன் கைப்பட ஓர் ஒப்பந்தம் எழுதி வைத்திருந்தார். முதல் மனைவியிடம் சூடுபட்டவராயிற்றே! பிரிந்தால் நாய் யாருக்கு, படகு யாருக்கு, வருஷக்கணக்கில் வீட்டை விட்டுப் போனவருக்கு என்ன கிடையாது, காபி மெஷின் யாருக்கு என்று ஒன்று விடவில்லை. அவ்வளவு முன்யோசனைக்காரர் இப்போது பீச் பழம் வைத்துச் சுட்ட பலகாரம் ஒன்றை வாங்கிக்கொண்டு மாடியேறினார்.

"கோரின், ஒரு உதவி வேணும்."

"அடேயப்பா! என் பேரெல்லாம் ஞாபகம் இருக்கா, வக்கீல் சார்?"

"அந்த மாசம் பூரா நான் ஏரிக்கரையில இருந்தேன், அந்த அறிவிப்புக் கவர என்கிட்ட குடுக்கவே இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லிடு."

"சத்தியம் பண்ணிட்டுப் பொய் சொல்லணுமா?"

"சின்னப் பொய்தானே. பதிலுக்குப் படக நீயே வச்சுக்க."

கோரின் பலகாரத்தில் ஒரு துண்டு வெட்டி நிதானமாகச் சாப்பிட்டாள்.

"படகெல்லாம் எதுக்கு? சொல்றேன், போங்க."

படகு வேண்டாம் என்றதுதான் வெர்னனுக்குப் பயத்தைக் கொடுத்தது. கோரின் எதையும் சும்மா கொடுக்கிறவள் இல்லை.

மிசௌரி விசாரணை நாளன்று அந்தப் பயம் இன்னும் கூடியது. வராந்தாவில், அவருடைய உரிமத்தைப் பறிக்க வந்திருந்த அரசுத் தரப்பு வக்கீலோடு அவள் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். காட்டிக் கொடுக்கப் போகிறாள் என்பதில் வெர்னனுக்குச் சந்தேகமே இல்லை. பொய்ச் சாட்சிக்குத் தூண்டியதாக ஜெயிலுக்கே போகவேண்டியிருக்கும்.

விசாரணைக் குழுவின் தலைவி மூக்குக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு கேட்டார்.

"கவர வாங்கினது நீங்கதானே? கணவர்கிட்ட குடுத்தீங்களா?"

கோரின் கைக்குட்டையை எடுத்தாள். வெர்னன் கண்களை மூடிக்கொண்டார்.

"எங்கங்க குடுக்கறது? வீட்டுல இருந்தாத்தானே!"

"அந்த மாசமா?"

"எந்த மாசமும்தான். போன வருஷ ஈஸ்டருக்கும் முந்தின ஈஸ்டர் அன்னிக்குப் பெட்டியத் தூக்கிட்டுப் போனவரு. அதுக்கப்புறம் ஒரு ராத்திரி அந்த வீட்டுல தங்கினதில்ல. கவர எங்க அனுப்பறதுன்னுகூட எனக்குத் தெரியாது." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நிஜமாகவே ஈரம் இருந்தது.

வெர்னன் அசந்துபோனார். அவர் கேட்டது ஒரு மாதம். அவள் அள்ளிக் கொடுத்துவிட்டாள்.

"மிஸ்டர் க்ராட்ஸ், நீங்களும் சத்தியம் பண்ணியிருக்கீங்க. இவங்க சொல்றது உண்மையா?"

"ஒவ்வொரு வார்த்தையும் உண்மை, மேடம்."

சாட்சி சொன்னதும் கோரின் கிளம்பிவிட்டாள். வெர்னன் முடிவுக்காகக் காத்திருந்தார். அறிவிப்பே கிடைக்காதவரைத் தண்டித்தது செல்லாது, மிசௌரி உரிமம் அவரிடமே இருக்கும் என்று குழு அறிவித்தபோது அவருக்கு நாற்காலியில் உட்காரவே முடியவில்லை.

வழியில் அவளுக்குப் பிடித்த கடையில் சுட்ட விலா எலும்புக் கறி வாங்கினார். எத்தனை சண்டை போட்டாலும் அவளுக்கு உள்ளுக்குள் பாசம் இருக்கிறது என்று நினைத்தபோது நெஞ்சு நெகிழ்ந்தது. விவாகரத்து மனுவைத் திரும்பப் பெறச் சொல்லிப் பார்க்கலாமா என்றுகூடத் தோன்றியது.

வீட்டு வாசலில் சாவி பூட்டுக்குள் நுழையவில்லை. பூட்டு புத்தம் புதிதாகப் பளபளத்தது. புல்வெளியில் அவருடைய பெட்டியும் தூண்டில்களும் அழகாக அடுக்கப்பட்டிருந்தன.

மாடி ஜன்னல் திறந்தது.

"என்ன கோரின் இது?"

"உங்க ஒப்பந்தந்தான், வக்கீல் சார். ஒரு வருஷத்துக்கு மேல வெளிய இருந்தவருக்கு வீட்டுல பங்கு கிடையாதுன்னு நீங்கதானே எழுதினீங்க? இன்னிக்கு ரெண்டு பேரும் சொன்ன சாட்சியத்தோட நகலுக்கு என் வக்கீல் எழுதிக் குடுத்துட்டாரு."

"அடிப்பாவி! நான் எங்க போனேன்? இத்தனை நாளும் கீழ நிலவறையிலதானே கெடந்தேன்! உனக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியுமே," என்றபடி கோரின் ஜன்னலைச் சாத்தினாள். "சாலைக்கு அந்தப் பக்கம் போய், அந்த மேடம்கிட்ட சொல்லுங்க!"