காலில் பட்ட பந்து

வானொலியில் றவூபின் பெயர் வந்ததும் வாஹித் கல்லாவை விட்டு எழுந்துவிட்டார்.

பதுளையில், பசறை போகும் வீதியில் அவருடைய தேத்தண்ணிக் கடை. கொழும்பில் தேசிய ஹொக்கி இறுதி ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. றவூப் அவருடைய மூத்த மகன். ஒரு வங்கி அணியில் பின்வரிசை. பந்தைத் தடுக்கத் தெரியும் என்பதற்காகவே வங்கி அவனுக்கு ஒரு மேசையும் நாற்காலியும் கொடுத்திருந்தது.

இன்று வென்றால் மலேசியா போகும் தேசிய அணியில் அவனுக்கு இடம் நிச்சயம் என்று பேச்சு. வாஹித் காலையிலேயே ஒரு தட்டு மஸ்கட் அல்வா கிண்டச் சொல்லிவிட்டார்.

கல்லாவுக்குப் பின்னால் சுவரில் றவூப் ஆடிய பழைய கல்லூரி அணியின் படம் தொங்கியது. அதைச் சுற்றிப் பத்திரிகையில் வெட்டியெடுத்த துண்டுகள்.

அந்தப் பையன்களின் கதை முழுக்க வாஹிதுக்கு மனப்பாடம். யார் பட்டாளத்துக்கு ஆடுகிறான், யார் றெயில்வே அணியை விட்டுத் துறைமுகத்துக்குத் தாவினான், யாருக்கு முழங்கால் போனதோடு ஆட்டமும் போயிற்று, எல்லாம் சொல்வார். கோல்காப்பாளனாக நின்றவன் பண்டாரவளை பஸ்ஸில் கண்டக்டர். இப்போதாவது ஒருவரையும் தப்பிப் போக விடுகிறானில்லை என்று சொல்லிச் சிரிப்பார்.

படத்தில் றவூபின் தோளில் கைபோட்டு நிற்பவன் கதிரேசன். அவனைப் பற்றி மட்டும் சுவரில் ஒரு துண்டுகூட இல்லை.

கதிரேசனின் அப்பா இராசையா கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்தார். தேயிலைத் தோட்டத்தில் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர். அரைப்பேர்தான் விழும், பாதி நாள் சம்பளம் போய்விடும் என்று கங்காணி சொல்லியும் கேட்காமல், கத்தியை லயத்து வீட்டில் போட்டுவிட்டு மலையிறங்கி வந்திருந்தார்.

கல்லூரியில் கதிரேசனிடமிருந்து பந்தைப் பறிக்க ஆள் கிடையாது. வங்கிக்காரர்கள் முதலில் கூப்பிட்டதும் அவனைத்தான். போனான். பிரஜாவுரிமைச் சான்றிதழ் கேட்டார்கள்.

தோட்டத்து ஆட்களுக்கு நாடு அதைக் கொடுக்கவில்லை; லயத்தில் பிறந்தவனிடம் அது இல்லை.

அந்த இடத்துக்குத்தான் றவூப் போனான். கதிரேசன் கொழும்பிலேயே ஓர் இரும்புக் கடையில் ஆணி நிறுக்கிறான்.

புடவைக்கடை ஸலீமுக்கு இது நல்ல வாய்ப்பு. இராசையாவைக் கண்டால் விடமாட்டார். அன்றும், என் கடைக் கதவு ஆடுது, மகன்கிட்டச் சொல்லி நல்ல பிணைச்சல் ரெண்டு அனுப்பச் சொல்லு, சும்மா வேணாம், துணி தாறேன் என்றார். கடை சிரித்தது. இராசையாவும் கூடச் சிரித்துவைத்தார்.

வர்ணனை சிங்களத்தில் ஓடியது. றவூப் பந்தைத் தொடும்போதெல்லாம் வாஹித் மேசையைத் தட்டினார். கிளாஸ்கள் குலுங்கின. இராசையாவுக்குப் பந்து யாரிடம் இருக்கிறது என்பதில் அக்கறை இருப்பதாகத் தெரியவில்லை. ஆட்டம் நிற்கும்போது மட்டும் தலையைச் சாய்த்துக் கேட்டார். கையிலிருந்த தேத்தண்ணி ஆறிப்போய்விட்டது.

ஒன்றுக்கு ஒன்று. முடிய இன்னும் கொஞ்சம்தான்.

எதிரணிக்காரன் அடித்த பந்து கோல்காப்பாளனைத் தாண்டிவிட்டது. கோட்டில் றவூப் மட்டும் நின்றான். தடுத்துவிட்டான் என்று வர்ணனையாளர் கத்தினார். கடையில் ஒரே கூச்சல். வாஹித் அல்லாஹ்வைக் கூப்பிட்டார்.

விசில் கேட்டது.

பந்து மட்டையில் படவில்லை, றவூபின் காலில் பட்டது என்று நடுவர் கையைக் காட்டிவிட்டாராம். பெனால்டி ஸ்ட்ரோக்.

அடித்தார்கள். கோல்.

கடை நடுவரைப் பிடித்துக்கொண்டது. கண் குருடா என்றுதான் தொடங்கினார்கள். எவ்வளவு வாங்கினான் என்று ஒருவர் கேட்டார். ஸலீம் அவனைப் பெற்றவளை இழுத்தார். எப்போதும் வாய் அடக்கிப் பேசும் வாஹிதே, ஒழுங்கான தகப்பனுக்குப் பிறந்தவன் இப்படி ஊதுவானா என்றார்.

இராசையா எழுந்தார். தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மெதுவாகத்தான் சொன்னார்.

"அவனப் பெத்தவன் நான்தாங்க மொதலாளி. கால்ல பட்டிருக்கு. படாம அவன் ஊதமாட்டான்."

யாருக்கும் முதலில் விளங்கவில்லை. அவரே விளங்கவைத்தார். ஆடுவதற்குப் பிரஜாவுரிமை கேட்டார்கள். ஊதுவதற்கு யாரும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் சின்னப் பையன்களின் ஆட்டத்துக்கு ஊதப் போனவன், ஊதி ஊதி இறுதி ஆட்டம்வரை வந்துவிட்டான். ஒரு விசில் பிசகினாலும் ஊருக்குள் தலைகாட்ட முடியாது, ஆட்டம் முடியும்வரை யாரிடமும் சொல்லவேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருந்தான். றவூபையும் வாய் திறக்க விடவில்லையாம்.

ஸலீம் வீதியைப் பார்த்தார்.

வானொலியில் ஆட்டம் முடிந்து வென்ற அணிக்காரர்களின் பெயர்கள் வந்துகொண்டிருந்தன. வாஹித் அதைத் தணித்தார். முகம் இறுகிப்போயிருந்தது. மகனின் மலேசியா போய்விட்டது. மெல்ல இராசையாவின் வாங்குப் பக்கம் வந்தார்.

"கதிரேசன் றவூபுட ரூம்லதானே இரிக்கிறான்?"

இவ்வளவு நேரமும் தணிந்திருந்த இராசையாவின் குரல் இப்போது கடை முழுக்கக் கேட்டது.

"ஆமாங்க. இன்னிக்குச் சோறாக்குற முறை றவூப் தம்பியோடது. அது தெரிஞ்சேதான் ஊதியிருக்கான்."