தடைச்சீட்டு

மூன்றாவது ஆட்டத்திலும் சிந்துவே ஜெயித்தாள்.

அப்பா பரமசிவம் கைதட்டினார். அண்ணன் பிரதீப், தன் காயாக இருந்த ராஜ்மா விதையை வாயில் போடப் போய், வேகாதது என்று நினைவு வந்து பலகையிலேயே வைத்தான்.

ஜெயித்தவள் முகம் மட்டும் கடுகடுவென்று இருந்தது.

அது அவளே உருவாக்கிய ஆட்டம். அரசுத் தேர்வுக் கோச்சிங்கைப் பாதியில் விட்டுவிட்டு கேம் டிசைன் படிக்கப் போனவளுக்கு வந்த முதல் வீட்டுப்பாடம். நாளை வகுப்பில் காட்ட வேண்டும். அதற்குள் வீட்டில் நாலு முறை ஆடிப் பார்த்து, எங்கே இடிக்கிறது என்று கண்டுபிடித்தாக வேண்டும்.

கோச்சிங்கை விடுகிறேன் என்று அவள் சொன்னபோது அப்பா, “அச்சா” என்று ஒரே வார்த்தையில் சம்மதித்துவிட்டார். இதே பேச்சை முன்பு பிரதீப் எடுத்த அன்று சாப்பாட்டுத் தட்டு பறந்தது. என் அப்பாவைப் போல உண்டா என்று சிந்து தோழிகளிடம் பீற்றிக்கொள்ளாத நாளில்லை.

பலகை என்பது ஒரு சேலைப் பெட்டியின் மூடி. போன மாதம் டெல்லி மலை மந்திருக்கு முருகனைக் கும்பிட வந்த பெருந்துறைக்காரர்கள், இவர்கள் குவார்ட்டர்ஸுக்கும் வந்து காபி குடித்துவிட்டு அம்மா கையில் கொடுத்துப் போன பெட்டி. அந்த மூடியில் ஆர்.கே.புரத்திலிருந்து மெட்ரோ வரைக்கும் கட்டம் போட்டிருந்தாள்.

முதலில் மெட்ரோவைப் பிடிப்பவருக்கு வெற்றி. ஆளுக்குச் சில தடைச்சீட்டுகள். பனிமூட்டம், வி.ஐ.பி. ஊர்வலம், வரமாட்டேன் என்கிற ஆட்டோக்காரர். எதிராளி நெருங்கும்போது ஒன்றை இறக்கினால் அவர் பின்னுக்குப் போக வேண்டும்.

சீட்டை யாரும் பதுக்கக்கூடாது என்று ஒரு விதியும் வைத்திருந்தாள். ஆட்டம் முடியும்போது கையில் தங்கிய சீட்டெல்லாம் ஜெயித்தவருக்குச் சேரும். அடுத்த ஆட்டத்தில் அதை அவர், கொடுத்தவர் மேலேயே இறக்கலாம்.

பிரதீப் மெட்ரோவை நெருங்கிய போதெல்லாம் அப்பா கையிலிருந்து பனிமூட்டம் இறங்கியது. அவள் போகும்போது மட்டும் டெல்லியில் பளீரென்று வெயிலடித்தது. விதியில்தான் ஓட்டையோ என்று சிந்து மண்டையைக் குடைந்துகொண்டிருந்தாள்.

அப்பா தண்ணீர் குடிக்க எழுந்தார். அவர் உட்கார்ந்திருந்த இடத்தில் செய்தித்தாள் விலகியது. அடியில் கட்டாகத் தடைச்சீட்டுகள்.

ஒவ்வொரு ஆட்டமும் முடிந்ததும், கை காலி என்று விரித்துக் காட்டியவர் அவர்.

சிறுமியாக இருந்தபோது சிந்து, பிரதீப்பின் கூட்டத்தோடு பூங்காவில் ஓடிப்பிடித்து விளையாடுவாள். அவளை யாரும் பிடிக்க மாட்டார்கள். கச்சா நிம்பு என்பார்கள் ஹிந்திக்காரப் பையன்கள். அம்மாவின் ஊர்ப்பேச்சில் ஒப்புக்குச் சப்பாணி. ஆட்டத்தில் இருப்பாள், கணக்கில் இருக்க மாட்டாள். அது புரிந்த அன்று பிரதீப்பின் கையைக் கடித்துவைத்தாள்.

வகுப்பில் முதல் நாளே சொல்லித் தந்ததும் இதைத்தான். குறிக்கோள் வேண்டும், விதி வேண்டும், எல்லாம் சரி. தோற்கவே முடியாது என்றால் அது ஆட்டமே இல்லை.

“ஏனுங்கப்பா, இதையெல்லாம் எதுக்கு எம்மேல எறக்காம வெச்சிருக்கீங்க?”

அப்பா வாயைத் துடைத்துக்கொண்டு வந்து அவள் தலையைத் தடவினார்.

“நீ செயிச்சா என்ன, தோத்தா என்ன கண்ணு. பெருந்துறைக்காரங்களுக்கு வாக்குக் குடுத்தாச்சு. தை பொறந்தா கண்ணாலம். அதுவரைக்கும் சந்தோசமா வெளையாடு சாமி.”

அம்மா அருக்காணி பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

அந்தப் பெட்டிக்குள் இருந்த சேலை அம்மாவுக்கு வந்ததல்ல.

தோழிகளிடம் பீற்றிக்கொண்டதெல்லாம் சிந்துவுக்கு நினைவு வந்தது. அந்த ‘அச்சா’வை நினைக்க நினைக்க நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. தடுத்திருக்கலாம், திட்டியிருக்கலாம். ஒரு தட்டையாவது வீசியிருக்கலாம். அந்த மரியாதைகூட அவளுக்குக் கிடைக்கவில்லை.

தலையைத் தடவிய கையை விலக்கினாள். செய்தித்தாளுக்கு அடியில் கிடந்த சீட்டுகளை ஒன்றுவிடாமல் அள்ளி அடுக்கினாள்.

“விதிப்படி இதெல்லாம் எனக்குங்க.”

மேலாக இருந்ததை எடுத்து, அப்பாவின் விதைக்கு முன்னால் பலகையில் அழுத்தி வைத்தாள்.

“தைக்கு நான் வர மாட்டேனுங்க. போன் போட்டு நீங்களே சொல்லிருங்க.”

பிரதீப் மெதுவாகப் பலகையிலிருந்து கையை எடுத்துக்கொண்டான்.

அப்பாவின் முகம் சிவந்தது. மூக்கு விடைத்தது. தட்டு பறந்த அன்று பிரதீப்புக்குக் காட்டிய முகம். சிந்துவுக்கு அதை அவர் ஒருநாளும் காட்டியதில்லை.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு, அவருக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள்.

“இப்ப ஆடுங்கப்பா” என்றாள்.