சம்மதம் கேட்ட கம்ப்யூட்டர்

“இதுக்குச் சம்மதிக்காம மேல போக முடியாதுங்க மாமா” என்றாள் சுகன்யா. குரலைத் திடமாக வைத்துக்கொண்டாள்.

“பொண்ணு வூட்டுக்காரங்க நிபந்தனை போடுற காலம் வந்துடுச்சா?” என்று சிரித்தார் கிருஷ்ணமூர்த்தி. குன்னத்தில் உரக்கடை வைத்திருப்பவர். வரும் ஆவணியில் அவளுக்கு மாமனாராகப் போகிறவர்.

“நான் போடலைங்க. கம்ப்யூட்டர் கேக்குது.”

கடையின் இருப்புக் கணக்குக்கு அவர் வாங்கிய மென்பொருளை நிறுவித் தர, தான் வேலை பார்க்கும் பெரம்பலூர் கம்ப்யூட்டர் சென்டரிலிருந்து சிடியோடு பஸ் ஏறி வந்திருந்தாள் அவள். திரையில் பொடி எழுத்தில் ஒப்பந்தம் ஒன்று நின்றது. அதன் கீழே ‘ஏற்கிறேன்’, ‘ஏற்கவில்லை’ என இரண்டு வட்டங்கள்.

நிச்சயத்தன்று கிருஷ்ணமூர்த்தியின் அண்ணன் இளையபெருமாள், மாப்பிள்ளைக்குக் கார் கேட்டுவிட்டார். “அண்ணன் சொல்லிட்டாரு, அதுக்கு மேல என்ன இருக்கு” என்று தரையைப் பார்த்தபடி வழிமொழிந்தார் கிருஷ்ணமூர்த்தி. கேட்பவருக்கு வாய் வலிப்பதில்லை; கொடுப்பவருக்குத்தான் நிலம் குறைகிறது. சுகன்யாவின் அப்பா பருத்திக்காட்டை விற்க ஆள் தேடிக்கொண்டிருந்தார். மணமகன் சுரேஷ்குமாரோ, பெரியவர்கள் முன் வாய் திறந்தே பழகாதவன்.

நாவுகள் ஊமையான இடத்தில் அவள் விரல்கள் பேசத் துணிந்தன. சென்டரே தயாரித்த மென்பொருள் அது. முந்தின நாள், அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் நிறுவல் தொகுப்பை, திருத்துவதற்கான மென்கருவி ஒன்றில் திறந்தாள். வெளியே ஒற்றைக் கோப்பாகத் தெரிந்தது, உள்ளே அட்டவணை அட்டவணையாக விரிந்தது. எந்தக் கோப்பு எங்கே போய் அமர வேண்டும், எந்தத் திரையில் எந்த வாசகம் வர வேண்டும் என்று எல்லாம் வரிவரியாக இருந்தன. ஒப்பந்தம் குடியிருந்த கட்டத்தைத் தேடிப் பிடித்து, அதன் நடுவில் ஒரு வாக்கியத்தைச் செருகிச் சிடியில் பதிந்தாள்: ‘என் மகன் திருமணத்துக்குக் காரோ வேறு சீரோ கேட்கமாட்டேன்.’

இதையெல்லாம் உலகில் எவரும் படிப்பதில்லை என்ற தைரியத்தில்தான் வந்திருந்தாள். ஆனால் இங்கே மாமனார், போண்டா மடித்து வந்த காகிதத்தை நீவி விரித்து, எண்ணெய் ஊறிய பழைய செய்தியைக் கடைசி வரி வரை வாசித்துக்கொண்டிருந்தார். அவள் அவசரமாக மவுஸை நோக்கிக் கை நீட்டினாள்.

“நவுருமா, நானே அமுக்குறேன். நாளைக்கு இதோட மல்லாடப் போறவன் நான்தானே.”

கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மவுஸைப் பிடித்தார். திரையில் அம்புக்குறி தள்ளாடித் தள்ளாடி இறங்கியது. ‘ஏற்கிறேன்’ மேல் நின்றது. டிக்.

நிறுவி முடிந்ததும் சுகன்யா எழுந்து நின்றாள்.

“மாமா, நீங்க படிக்காம ஒத்துக்கிட்டதுல எங்க கல்யாணப் பேச்சும் இருக்குதுங்க. கார் கேக்கமாட்டேன்னு சம்மதிச்சிருக்கீங்க. நான்தான் எழுதுனேன். திட்டுறதுன்னா என்னைத் திட்டுங்க, எங்கப்பாவை விட்டுடுங்க.”

கிருஷ்ணமூர்த்தி போண்டாக் காகிதத்தை மடித்துக் கூடையில் போட்டார். வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“ரெண்டு தடவ படிச்சுட்டுத்தாம்மா அமுக்குனேன். அண்ணன் கேட்டா, கம்ப்யூட்டர் வுடலைன்னு சொல்லிடு.”